ட்ரிப்ஸ் டியூபில் ஒரு காற்றுக் குமிழி: இதய ஆப்பரேஷன் ஆன குழந்தைகளுக்குப் பக்கவாதம் ஏன் வருகிறது?

குழந்தைகள் இதய வார்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இதைப் பார்க்கலாம். ட்ரிப்ஸ் மாட்ட வரும் நர்ஸ், டியூபை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்ப்பார். உள்ளே கடுகளவுக்கு ஒரு காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டிருந்தால், விரலால் சுண்டிச் சுண்டி அதை மேலே ஏற்றி, வெளியே தள்ளிய பிறகுதான் குழந்தையின் கையைத் தொடுவார். மற்ற வார்டுகளிலும் குமிழியை எடுக்கத்தான் செய்வார்கள். ஆனால் இத்தனை மெனக்கெட மாட்டார்கள். தப்பித் தவறி ஒன்றிரண்டு சின்னக் குமிழி உள்ளே போனாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று அவர்களுக்குத் தெரியும்.

இங்கே மட்டும் ஏன் இத்தனை கவனம்? இதற்கு விடை தெரிந்துவிட்டால், பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்குப் பக்கவாதம் வருவது ஏன் என்பதில் பாதி புரிந்த மாதிரி.

வடிகட்டியும் குறுக்கு வழியும்

உடம்பெல்லாம் சுற்றிவிட்டு வரும் ரத்தம், சிரைகள் வழியாக இதயத்தின் வலப்பக்கம் வந்து சேர்கிறது. அங்கிருந்து நுரையீரல், பிறகு இதயத்தின் இடப்பக்கம், அதன் பிறகுதான் மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும். நுரையீரல் என்றால் மூச்சு விடும் உறுப்பு என்று மட்டும்தான் நினைக்கிறோம். அது டீ வடிகட்டி மாதிரியும் வேலை செய்கிறது. சிரையில் உருவான சின்ன ரத்தக் கட்டியோ காற்றுக் குமிழியோ நுரையீரலின் சன்னமான குழாய்களில் சிக்கிக்கொள்ளும். கட்டி அங்கேயே மெல்லக் கரையும்; காற்று மூச்சோடு போய்விடும். மூளைக்குப் போவது வடிகட்டிய ரத்தம்.

சில பிறவிக் கோளாறுகளில் இந்த வடிகட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு குறுக்கு வழி இருக்கிறது. உதாரணத்துக்கு, ‘டி.ஓ.எஃப்.’ என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ. இதில் நுரையீரலுக்குப் போகும் பாதை குறுகியிருக்கும். கீழறைகளுக்கு நடுவே ஓட்டையும் இருக்கும். நுரையீரல் பக்கம் போக முடியாத ரத்தம் ஓட்டை வழியாக நேரே இடப்பக்கம் தாவிவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத ரத்தம் உடம்புக்குள் போவதால் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பூக்கின்றன. கூடவே, வடிகட்டாத ரத்தம் மூளைக்கும் போகிறது. அந்தக் கடுகளவு குமிழிக்கு நர்ஸ் பயப்படுவது இதனால்தான்.

‘இதயத்தில் ஓட்டை’ என்று கேட்டதுமே எல்லாரும் பயப்பட வேண்டியதில்லை. ஓட்டை மட்டும் இருந்து வேறு குறை இல்லாத குழந்தைகளில், இடப்பக்கத்து அழுத்தம் அதிகம் என்பதால் ரத்தம் பெரும்பாலும் இடமிருந்து வலமாகத்தான் பாயும். அப்போது வடிகட்டியைத் தாண்டிப் போகும் வாய்ப்பு மிகக் குறைவு. எனவே, இந்தக் கட்டுரை முழுக்க இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டி எங்கே உருவாகிறது? அது எந்த வழியாக மூளைக்குப் போகிறது?

பக்கவாதம் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகும் குழாய் அடைபட்டாலோ உடைந்து ரத்தம் கசிந்தாலோ அந்தப் பகுதி செத்துப்போகிறது. நோய் அதுதான். ஒரு பக்கம் கை கால் விழுவது அதன் விளைவு. நம் பெயரோ விளைவை மட்டும் சொல்கிறது; பழைய ‘பாரிசவாயு’வும் அப்படித்தான். ஆறு மாதக் குழந்தைக்கு மூளையில் ரத்த ஓட்டம் அடைபட்டால் எந்தப் பக்கமும் ‘விழுவது’ வெளியே தெரியாமல் போகலாம். வெறும் வலிப்பாக வரலாம். அதனால் வீட்டார் அதைப் பக்கவாதம் என்று யோசிப்பதே இல்லை. பெரியவர்களுக்கு வருகிற நோய் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. கனடாவின் டொராண்டோவில் செய்த ஓர் ஆய்வில், குழந்தைக்கு முதல் அறிகுறி தெரிந்ததிலிருந்து பக்கவாதம் என்று உறுதியாவதற்குள் ஏறத்தாழ 23 மணி நேரம் போயிருந்தது. மூளை விஷயத்தில் இது மிகப் பெரிய தாமதம்.

எத்தனை பேருக்கு?

அமெரிக்காவின் வட கலிஃபோர்னியாவில், ஒரே மருத்துவக் காப்பீட்டு அமைப்பின் கீழ் 1993 முதல் 2007 வரை இருந்த சுமார் 25 லட்சம் குழந்தைகளின் பதிவேடுகளை அலசி, 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்குப் பக்கவாத வாய்ப்பு மற்றக் குழந்தைகளை விட 19 மடங்கு. இதய ஆப்பரேஷன் ஆனவர்களுக்கு 31 மடங்கு என்று கணக்கு வந்தது.

31 மடங்கு! எந்த அம்மாவுக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் எதன் 31 மடங்கு என்று கேட்க வேண்டும். பொதுவாக ஒரு லட்சம் குழந்தைகளில் வருடத்துக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் பக்கவாதம் வருகிறது என்பது பல ஆய்வுகளின் கணக்கு. அதை 31ஆல் பெருக்கினாலும் லட்சத்துக்கு 60 முதல் 90 வரைதான். அதாவது ஆப்பரேஷன் முடிந்து நாளான 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 999 பேர் ஒரு வருடத்தைப் பக்கவாதம் இல்லாமல் கடக்கிறார்கள். இன்னொன்று, ஆய்வில் சிக்கிய குழந்தைகளின் எண்ணிக்கை சிறியது. பக்கவாதம் வந்த 412 பேரில் இதயக் கோளாறு இருந்தவர்கள் 15 பேர்தான். அதனால் அந்த 31 என்பதே திட்டமான எண் கிடையாது. உண்மை 4 மடங்காகவும் இருக்கலாம், 232 மடங்காகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ‘31 மடங்கு ஆபத்து’ என்று மட்டும் வந்தால் இந்த இடைவெளியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது வேறு. ஆப்பரேஷன் ஆகி, பின்னாளில் பக்கவாதம் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, கடைசி ஆப்பரேஷன் முடிந்து ஐந்து வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் அது வந்திருக்கிறது. பெரும்பாலோர் அப்போது ஆஸ்பத்திரியிலேயே இல்லை. ‘அதான் ஆப்பரேஷன் பண்ணியாச்சே’ என்று வீடு நிம்மதியாக இருக்கும் காலம் அது.

ஆப்பரேஷன் மேஜையில்

இதயத்தைத் திறந்து தைக்க வேண்டுமென்றால் அதை நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் உடம்புக்கு ரத்தம் அனுப்புவது இதய–நுரையீரல் இயந்திரம். ஜான் கிப்பன் என்ற டாக்டர் 1953 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் 18 வயதுப் பெண் ஒருவருக்கு இதை வைத்து வெற்றிகரமாக ஆப்பரேஷன் செய்தார். இன்று எல்லா ஊரிலும் நடப்பது அதன் தொடர்ச்சி.

இயந்திரத்தில் சிக்கல் என்னவென்றால், ரத்தத்துக்கு பிளாஸ்டிக் ஆகாது. ரத்தக் குழாயின் வழவழப்பான உள்சுவரைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் ‘காயம் பட்டுவிட்டது’ என்று நினைத்து உறைய ஆரம்பிக்கும். அதற்காக ஹெப்பாரின் என்ற மருந்தைக் கொடுத்து ரத்தத்தை உறையாமல் வைத்திருப்பார்கள். முடிந்ததும் மாற்று மருந்து கொடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். மாற்று மருந்து கொடுத்து உறையும் தன்மை திரும்பும்போது ரத்தம் கசியவும் கூடாது, உறையவும் கூடாது. நூல் பிடித்த மாதிரி நிற்க வேண்டும்.

திறந்த இதயத்துக்குள் காற்று புகுவது இன்னொரு கவலை. தைத்து மூடும்போது மூலை முடுக்கில் கொஞ்சம் காற்று தங்கிவிட்டால், இதயம் துடிக்கத் தொடங்கியதும் அது நேரே மூளைக்குப் போகலாம். இதற்குப் பல இடங்களில் ஓர் உபாயம் செய்கிறார்கள். திறந்த மார்புக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். அது காற்றை விடக் கனம் என்பதால் குழிக்குள் தங்கி, காற்றை வெளியே தள்ளிவிடும். மீறி ஒரு குமிழி ரத்தத்தில் கலந்தாலும், சோடாவில் கரைவதுபோல் சீக்கிரம் கரைந்துவிடும்.

பெருந்தமனியின் வளைவைச் சரிசெய்வது போன்ற ஆப்பரேஷன்களில் சில சமயம் ரத்த ஓட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டி வரும். அப்போது குழந்தையின் உடம்பை 18 டிகிரி வரை குளிர்விப்பார்கள். குளிர்ந்த மூளைக்கு ஆக்சிஜன் தேவை மிகக் குறைவு. ஐ.சி.யூ.வில் குழந்தையின் நெற்றியில் ஸ்டிக்கர் மாதிரி ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்தால் பயப்படாதீர்கள். மூளைக்கு ஆக்சிஜன் எவ்வளவு கிடைக்கிறது என்பதை மண்டையோட்டின் வழியே ஒளியைச் செலுத்திப் பார்க்கும் கருவி அது.

இத்தனை ஏற்பாடு இருந்தும் சிலருக்கு நேர்ந்துவிடுகிறது. டொராண்டோவில் எடுத்த ஒரு கணக்குப்படி, இதய ஆப்பரேஷன் செய்த 1,000 குழந்தைகளில் 5 பேருக்குச் சற்று மேல் அடைப்பு வகைப் பக்கவாதம் வந்தது. ஆப்பரேஷன் முடிந்த முதல் சில நாட்களும் லேசானவை அல்ல. கழுத்துச் சிரையிலும் தொடையிலும் டியூப்கள் இருக்கும். அவற்றின் நுனியில் கட்டி உருவாகலாம். இதயத் துடிப்பு தாறுமாறானால் மேலறையில் ரத்தம் தேங்கி உறையலாம். மயக்க மருந்தில் கிடக்கும் குழந்தை எதையும் காட்டாது. மருந்து தெளியும்போது ஒரு கை மட்டும் அசையவில்லை என்பதைப் பெரும்பாலும் நர்ஸோ அம்மாவோதான் முதலில் கவனிப்பார்கள். ‘ஆப்பரேஷன் களைப்பாக இருக்கும்’ என்று வாயை மூடிக்கொண்டு இருக்காமல் உடனே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

இங்கேதான் ஒரு வித்தியாசம் புரிய வேண்டும். ஆப்பரேஷன் முடிந்தது என்பதும் இதயம் சரியானது என்பதும் ஒன்று போலக் கேட்கும். ஓட்டையை மூடி, பாதையை விரித்து, இரண்டு பக்கத்தையும் முழுசாகப் பிரித்துவிட்ட ஆப்பரேஷன் ஒரு வகை. குறுக்கு வழி அடைபட்டுவிட்டது. பக்கவாத வாய்ப்பும் நன்றாகக் குறைந்துவிட்டது. இன்னொரு வகையில், இருக்கிற இதயத்தை வைத்துச் சமாளிக்க ஒரு வழி போட்டுக் கொடுத்திருப்பார்கள். அதில் குறுக்கு வழி இன்னும் திறந்திருக்கலாம். உங்கள் குழந்தைக்கு நடந்தது எந்த வகை என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். ‘நீல ரத்தமும் சிவப்பு ரத்தமும் இப்போது கலக்கிறதா டாக்டர்?’ என்று கேட்டால் போதும். ஆம், இல்லை என்று பதில் வந்துவிடும்.

இரண்டாம் வகைக்கு நல்ல உதாரணம் ஃபான்டன் ஆப்பரேஷன். பிரான்ஸின் போர்டோ நகரில் ஃபிரான்சிஸ் ஃபான்டன் 1968இல் முதன்முதலாகச் செய்து, 1971இல் எழுதி வெளியிட்டது. பம்ப் செய்யத் தகுந்த கீழறை ஒன்றே ஒன்றுதான் இருக்கும் குழந்தைகளுக்கு இதைச் செய்வார்கள். அந்த ஒரே அறையை உடம்புக்கு ரத்தம் அனுப்ப விட்டுவிட்டு, சிரை ரத்தத்தை இதயத்துக்குள் நுழையாமலே நேராக நுரையீரலுக்குத் திருப்பிவிடுவார்கள். பின்னாலிருந்து தள்ளும் பம்ப் கிடையாது. ரத்தம் தானாக மெல்ல நகர வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் வரை தெளிவாக இருக்கும், தேங்கினால் பாசி பிடிக்கும் அல்லவா? மெல்ல நகரும் ரத்தமும் அப்படித்தான், உறையப் பார்க்கும். பல குழந்தைகளுக்கு அழுத்தம் ஏறாமலிருக்க ஒரு சின்னத் துளையையும் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். கட்டி உருவாக ஓர் இடம், மூளைக்குப் போக ஒரு வழி, நம் இரண்டு கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. ஃபான்டன் குழந்தைகள் ரத்தம் உறையாமலிருக்க வருடக்கணக்கில் ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுவது அதனால்தான்.

‘மெக்கானிக்கல்’ வகைச் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு வார்ஃபரின் அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த மாத்திரை ஆயுள் முழுக்க. ரத்தம் உறையும் வேகத்தை ஐ.என்.ஆர். என்ற எண்ணால் அளப்பார்கள். வால்வைப் பொறுத்துப் பெரும்பாலும் 2க்கும் 3.5க்கும் இடையில் வைக்கச் சொல்வார்கள். குறைந்தால் வால்வில் கட்டி. ஏறினால் ரத்தக் கசிவு, அதிலும் மூளையில் கசிந்தால் அதுவும் பக்கவாதம்தான். கீரை ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குழந்தைக்குக் கீரையையே நிறுத்திவிடுகிறார்கள் பலர். கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்வது உண்மைதான். அதற்காகச் சாப்பிடவே கூடாது என்று அர்த்தமில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாள். மருந்தின் அளவை அதற்கேற்ப டாக்டர் வைத்துக்கொள்வார். ஒரு மாதம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த மாதம் ஒன்றுமே இல்லை என்றால்தான் எண் தடுமாறும்.

ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைகளுக்கு வேறொரு எச்சரிக்கை உண்டு. சின்னம்மை போட்டாலோ ஃப்ளூ காய்ச்சல் வந்தாலோ உடனே இதய டாக்டரைக் கூப்பிட வேண்டும். இந்த இரண்டோடு ஆஸ்பிரின் சேர்ந்தால் அரிதாகக் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ஒரு நோய் வரும். சின்னம்மைக்குப் பிறகு மூளையின் ரத்தக் குழாய்கள் வீங்கி, அதனாலேயே பக்கவாதம் வருவதும் உண்டு. சின்னம்மைத் தடுப்பூசியும் ஃப்ளூ தடுப்பூசியும் இந்தக் குழந்தைகளுக்கு ஏன் முக்கியம் என்று இதிலிருந்தே புரியும். வீட்டில் எதற்கெடுத்தாலும் கொடுக்கும் இப்யூபுரோஃபன் சிரப், ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். அதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இன்னும் நீலமாகவே இருக்கும் குழந்தைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் போதாதபோது உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும். ஹீமோகுளோபின் 18, 20 என்று ஏறும். ரத்தம் பதநீர் பாகாகும் மாதிரி கெட்டியாகும். இந்த நிலையில் சித்திரை வெயிலில் வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் நீர் வற்றினால்? பாகு இன்னும் இறுகும். ஷன்ட் என்ற மூன்று நான்கு மில்லிமீட்டர் டியூபை வைத்துத்தான் நுரையீரலுக்கு ரத்தம் போகிறது என்றால், அந்த டியூப் அடைபடும் அபாயமும் சேர்ந்துகொள்ளும். மற்றக் குழந்தைக்கு ‘ஓ.ஆர்.எஸ். கொடுத்துப் பார்க்கலாம், நாளைக்குக் கூட்டிப் போகலாம்’ என்று இருக்கலாம். இவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே அன்றைக்கே கூட்டிப் போக வேண்டும். குடித்ததெல்லாம் வாந்தியாகிறது என்றால் ட்ரிப்ஸ் தேவைப்படும். வேறொரு ஆப்பரேஷனுக்காகவோ ஸ்கேனுக்காகவோ வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னாலும், எத்தனை மணி வரை தண்ணீர் கொடுக்கலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு விநோதமும் இருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் 13 என்று ரிப்போர்ட் வந்தால், அச்சடித்த அளவுகளின்படி அது நார்மல். லேப்காரர் எந்தக் குறியும் போட்டிருக்க மாட்டார். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 75 சதவீதத்தில் இருக்கும் குழந்தைக்கு 13 என்பது சோகைக்குச் சமம். இரும்புச் சத்து குறைந்திருக்கிறது என்று அர்த்தமாகலாம். நீலக் குழந்தைகளில் இரும்புச் சத்துக் குறைவே பக்கவாதத்துக்கு ஒரு காரணம் என்று நெடுங்காலமாகவே தெரியும். ‘ரத்தம் நிறைய இருக்கு, இரும்பு எதுக்கு’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் பல். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து வால்விலோ தைத்த இடத்திலோ குடியேறினால், அங்கே காளான் மாதிரி ஒரு கொத்து வளரும். அதில் ஒரு துண்டு பிய்ந்தால் மூளைக்குப் போகலாம். செயற்கை வால்வு உள்ளவர்கள், இன்னும் நீலமாக இருப்பவர்கள், செயற்கைத் துணி வைத்துத் தைத்து ஆறு மாதம் ஆகாதவர்கள் பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சல் நாலைந்து நாள் நீடித்தால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். முதலில் ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுக்க வேண்டும். ஒரே ஒரு வேளை மருந்து உள்ளே போனாலும் கிருமி பிடிபடாமல் போகலாம். குறுக்கு வழி உள்ள குழந்தைக்குக் காய்ச்சலோடு விடாத தலைவலியும் வாந்தியும் இருந்தால் மூளையில் சீழ்க்கட்டியா என்றும் பார்க்க வேண்டும். பார்க்கப் பக்கவாதம் போலவே இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பேசும் வயதுக் குழந்தையென்றால் ‘ஈ’ என்று பல்லைக் காட்டச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா, சொன்னது புரியாமல் விழிக்கிறதா? திடீரென்று தள்ளாடுவது, ஒரு பக்கம் பார்வை தெரியாமல் இடித்துக்கொள்வது, இதுவரை வராத கடுமையான தலைவலி, எல்லாம் கணக்கில் சேரும்.

கைக்குழந்தைக்கு இந்தச் சோதனை பயன்படாது. ஒரு கையோ காலோ மட்டும் திரும்பத் திரும்ப வெட்டி இழுப்பது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். ஒரு வயதுக்குள் குழந்தை எதற்கும் ஒரே கையை மட்டும் நீட்டுகிறது, மற்றக் கை எப்போதும் மூடியே இருக்கிறது என்றால் ‘இடது கைக்காரனா வருவான்’ என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அந்த வயதில் கைப் பழக்கம் படிந்திருக்காது.

சந்தேகம் வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்; இலங்கையில் 1990. வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், சோடா, காபி, மாத்திரை எதுவும் வேண்டாம். விழுங்கும் சக்தி போயிருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரின் தானே என்று கூடுதலாக ஒன்று கொடுப்பதும் தவறு. அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணித்துக்கொண்டு நிற்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இதய ஆப்பரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியும் மாத்திரைப் பட்டியலும் கையோடு போகட்டும். இரண்டையும் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால், தேடுகிற நேரம் மிச்சம்.

அங்கே டாக்டர் முதலில் கேட்பது, ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தான்?’ என்பதாகத்தான் இருக்கும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பெரியவர்களிடம் நாலரை மணி நேரக் கெடு உண்டு. சில பெரிய மையங்களில் குழந்தைகளுக்கும் நிலைமையைப் பார்த்து அதைக் கொடுக்கிறார்கள். சமீபத்தில்தான் ஆப்பரேஷன் ஆனது என்றால் ரத்தக் கசிவுக்குப் பயந்து அந்த ஊசி போட மாட்டார்கள். குழாய் நுழைத்துக் கட்டியை வெளியே இழுக்கும் முறை சிலருக்குக் கைகொடுக்கும். ‘காலையில் எழுந்தபோதே இப்படித்தான்’ என்பதை விட, ‘ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி கேட்டான், தானே டம்ளரைப் பிடித்துக் குடித்தான்’ என்பது டாக்டருக்கு எத்தனையோ மடங்கு உபயோகமான பதில்.

ஆபத்துக் கட்டம் தாண்டியதும் பிசியோதெரபி தொடங்கும். குழந்தையின் மூளைக்கு வேறு பாதை கண்டுபிடிக்கும் திறன் ஓரளவு உண்டு, ஆனால் அதுபாட்டுக்கு நடந்துவிடாது, பழக்க வேண்டும். அதில் ஒரு முறை பார்க்கக் கொஞ்சம் கல்நெஞ்சாகத் தெரியும். நன்றாக இருக்கும் கைக்கு ஓர் உறையை மாட்டிவிட்டு, குழந்தைக்குப் பிடித்த பிஸ்கட்டைத் தளர்ந்த கையின் பக்கம் வைப்பார்கள். குழந்தை உறையைக் கழற்றப் பார்க்கும், அழும், குனிந்து வாயால் கவ்வப் பார்க்கும். தெரபிஸ்ட் தட்டை இன்னும் ஒரு விரற்கடை தள்ளி வைப்பார். பாட்டி தாங்காமல் பிஸ்கட்டை எடுத்துக் கையில் கொடுக்கப் போவார். பெரும்பாலும் முதல் வாரத்தில் தெரபிஸ்டுக்கு அதிக வேலை வைப்பது குழந்தை இல்லை, பாட்டிதான்.